மங்கலான மூலையில்தான் சிவப்பு அடர்ந்தது, ஏன்? ஒரு சேற்றுப் பாட்டிலுக்கு விரிவான பதில்

முதலில் கேள்வி. நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், இருக்கும் தம்பி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே உள்ள சதுப்பில் சேறு எடுத்து, கிழித்த செய்தித்தாள், நொறுக்கின முட்டை ஓடு, ஒரு கரண்டி ஜிப்சம் எல்லாம் கலந்து இரண்டு பாட்டிலில் அடைத்திருக்கிறார். ஒன்றைக் கிழக்குப் பார்த்த ஜன்னலில் வைத்தார், இன்னொன்றை வீட்டுக்குள் மங்கலான ஒரு மூலையில். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் மூலையில் இருந்ததுதான் பீட்ரூட் போலச் சிவந்திருக்கிறது. ஜன்னல் பாட்டிலில் மேலே பச்சை, அதற்குக் கீழே வெளிறின ரோஸ். "வெளிச்சம்தானே இதுகளுக்குச் சாப்பாடு? அப்புறம் ஏன் தலைகீழாக இருக்கிறது, நான் எங்கே தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டிருக்கிறார்.

தப்பு எதுவும் இல்லை தம்பி. நீங்கள் பார்த்ததுதான், சேற்றில் இருந்து பாட்டிலைச் சிவக்க வைக்கும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாக்களின் இயல்பு.

வெயிலில் நின்றால் தோல் கறுக்கும், அதனால் வெளிச்சம் கூடினால் நிறமும் கூடும் என்று நாம் பழகிவிட்டோம். தோலின் நிறமி வெளிச்சத்தைத் தடுக்க இருப்பது. உங்கள் பாட்டிலில் இருக்கும் நிறமியின் வேலையோ வெளிச்சத்தைப் பிடிப்பது. சாரல் தூறும்போது கூரை ஓரத்தில் அண்டா, குண்டான், வாளி என்று வீட்டில் இருப்பதை எல்லாம் எடுத்து வைப்போம் இல்லையா? கொட்டும் மழை என்றால் ஒரு குடமே போதும், அதுவே நிரம்பி வழியும். இந்த பாக்டீரியாவும் அதே கணக்கைத்தான் போடுகிறது. வெளிச்சம் குறைந்தால் பாத்திரத்தைப் பெருக்கும், வெளிச்சம் தாராளமாக இருந்தால் புதிதாகச் செய்வதை நிறுத்திக்கொள்ளும். ஒரு செல்லுக்கு நிறமியும் அதைத் தாங்கும் புரதமும் செய்வது பெரிய செலவு. தேவையில்லாமல் அந்தச் செலவை அது செய்யாது.

பாத்திரம் என்று சொன்னதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். சிவப்புக் கூட்டத்தில் அதிகம் ஆராயப்பட்டது ரோடோபாக்டர் ஸ்பேராய்டிஸ் என்ற பாக்டீரியா, இனி பெரும்பாலும் அதை வைத்தே பேசுகிறேன். ஒளிச்சேர்க்கை செய்யும்போது இதன் உட்சவ்வு உள்ளே மடிந்து, ஏறக்குறைய 60 நானோமீட்டர் அகலமுள்ள குட்டிக் குமிழ்களாக செல் முழுக்க நிறைந்துவிடும். அந்தக் குமிழ்ச் சவ்வில் ஒளியைப் பிடிக்கும் இரண்டு வகைப் புரத வளையங்கள் பதிந்திருக்கின்றன. ஒன்று எல்எச்-1. இது வினைமையத்தை, அதாவது ஒளியின் ஆற்றலை எலக்ட்ரான் ஓட்டமாக மாற்றும் இடத்தை, சுற்றியே உட்கார்ந்திருக்கும், 875 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பிடிக்கும். இன்னொன்று எல்எச்-2. இது தனியாக, கூட்டம் கூட்டமாக நிற்கும், 800, 850 என்ற இரண்டு இடங்களில் பிடிக்கும். இதைப் போன்ற இன்னொரு சிவப்பு பாக்டீரியாவின் எல்எச்-2 வடிவத்தை 1995இல் படிகத்திலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். ஒன்பது அலகுகள் வட்டமாக நின்றன, அவற்றுக்குள் பாக்டீரியோகுளோரோபில் என்ற பாக்டீரியாப் பச்சையத்தின் 27 மூலக்கூறுகள், 9 ஒரு வரிசையில், 18 இன்னொரு வரிசையில். நம்ம ஊர்த் திருவிழாவில் வட்டமாக நின்று ஆடும் ஆட்டத்தில் ஒரு ஆளின் அசைவு அப்படியே பக்கத்து ஆளுக்குப் போகுமே, அதுபோல ஒன்றில் விழுந்த ஒளியின் ஆற்றல் வளையம் முழுக்க ஓடி, பக்கத்து வளையத்துக்குத் தாவி, கடைசியில் வினைமையத்தைப் போய்ச் சேரும். எல்எச்-1ஐயும் வினைமையத்தையும் ஒன்றுக்கு இத்தனை என்று கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில்தான் செய்கிறது. வெளிச்சத்துக்குத் தக்கபடி கூடிக் குறைவது முக்கியமாக எல்எச்-2. உங்கள் மூலைப் பாட்டிலில் அடர்ந்திருப்பதில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும்.

இதை முதலில் ஒழுங்காக அளந்து காட்டியது ஜெர்மெய்ன் கோயன்-பசீர், வில்லியம் சிஸ்ட்ரம், ரோஜர் ஸ்டேனியர் மூவரும், 1957இல். மங்கலான ஒளியில் வளர்ந்த செல்களை எடுத்துப் பிரகாசமான ஒளியில் வைத்தார்கள். நிறமி உற்பத்தி உடனே நின்றது. ஆனால் ஏற்கெனவே இருந்த நிறமியை செல் உடைத்துப் போடவில்லை. செல்கள் பிரிந்து பெருகப் பெருக, பழைய நிறமி பங்குபோட்டுக் குறைந்தது, அவ்வளவுதான். தேவையான அளவுக்கு இறங்கியதும் உற்பத்தி மறுபடி தொடங்கியது. எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பெரிய கருவி எதுவும் இல்லாமல், நேரத்தையும் நிறத்தையும் மட்டும் பொறுமையாக அளந்தே ஒரு உயிரின் உள்கணக்கை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் பார்த்தார்கள்: குடுவைக்குள் காற்றை விட்டாலும் நிறமி உற்பத்தி அப்படியே நின்றுபோனது.

அந்தக் காற்று விஷயம்தான் இந்தக் கதையின் பாதி. இதைத் தெரிந்துகொள்ளாமல் வெளிச்சத்தை மட்டும் பார்த்தால் உங்கள் பாட்டில் புரியாது.

பாக்டீரியோகுளோரோபில் ஒளியை வாங்கி வைத்திருக்கும்போது பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால், ஆற்றல் தடம் மாறி அந்த ஆக்சிஜன் மேல் பாயும். அப்படி உசுப்பப்பட்ட ஆக்சிஜன், புரதம், கொழுப்பு என்று கிடைப்பதை எல்லாம் தாக்கும். ஆக, நிறமி, வெளிச்சம், காற்று என்ற மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் செல்லுக்கு ஆபத்து. இதற்குக் காவல் கரோட்டினாய்டுகள். கேரட்டிலிருந்து 1831இல் முதலில் பிரித்தெடுத்ததால்தான் கரோட்டின் என்ற பெயரே வந்தது, நம் மலையில் மூட்டை மூட்டையாகக் கழுவி லாரி ஏற்றுகிறோமே, அதே குடும்பத்து நிறமிகள்தான் பாட்டிலின் சிவப்புக்கும் காரணம். 1955இல் மேலே சொன்ன மூவரும் கிரிஃபித்ஸ் என்பவரும் சேர்ந்து, நிறமுள்ள கரோட்டினாய்டு செய்யத் தெரியாத ஒரு திரிபு வகையை வைத்துப் பார்த்தார்கள். பார்க்க நீலப்பச்சையாக இருக்கும். காற்றில்லாமல் வெளிச்சத்தில் அது சுகமாக வளர்ந்தது, இருட்டில் காற்றோடும் வளர்ந்தது. வெளிச்சமும் காற்றும் சேர்ந்து கிடைத்தபோது செத்துப்போனது.

அதனால் காற்றுத் தாராளமாக இருந்தால் ரோடோபாக்டர் நிறமியே செய்யாது. நம்மைப் போலச் சுவாசித்துப் பிழைத்துக்கொள்ளும், செல்கள் வெளுத்துக் கிடக்கும். காற்று குறைந்தால் நிறமி வேலையைத் தொடங்கும், வெளிச்சம் துளியும் இல்லாத இருட்டில்கூட. இந்த இடத்தில் மாணவர்கள் எப்போதும் நின்றுவிடுவார்கள். இருட்டில் எப்படிப் பச்சையம் வரும், குடோனில் மூட்டைக்குள் முளைத்த உருளைக்கிழங்கின் முளை வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று கேட்பார்கள். சரியான கேள்வி. உருளைக்கிழங்கு, தேயிலை, யூகலிப்டஸ் மாதிரிப் பூக்கும் தாவரங்களில் பச்சையம் செய்யும் வரிசையின் கடைசிப் படிகளில் ஒன்றுக்கு ஒளி நேரடியாகத் தேவை. அந்தப் படியைச் செய்யும் நொதி, ஒளி பட்டால்தான் வேலை செய்யும். சிவப்பு பாக்டீரியாவில் அதே படிக்கு வேறொரு நொதி இருக்கிறது. அதற்கு ஒளி வேண்டாம், ஆனால் ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அந்தப் பழைய நொதி பூக்காத சில மரங்களிலும் இன்னும் மிச்சமிருக்கிறது, பைன் விதையை இருட்டில் முளைக்கப் போட்டால் நாற்று பச்சையாகவே வரும். பைன் காட்டுப் பக்கம் போனால் நாலு விதை பொறுக்கிவந்து, அவரையோடு சேர்த்து ஒரே டப்பாவில் மூடி முளைக்க வைத்துப் பாருங்கள்.

இப்போது வெளிச்சம் எப்படிக் கட்டளை போடுகிறது என்பதற்கு வருகிறேன். வெளிச்சம் இங்கே இரண்டு வேஷத்தில் வருகிறது. ஒன்று சாப்பாடு. எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்பதைப் பொறுத்து சவ்வில் எலக்ட்ரான் ஓட்டம் மாறும். அந்த ஓட்டத்தின் நிலையை முகர்ந்து, மரபணுக்களைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஜோடிப் புரதம் இருக்கிறது, பிஆர்ஆர்-பி, பிஆர்ஆர்-ஏ என்று பெயர். முதலாவது சவ்வில் இருந்து சேதி சொல்லும், இரண்டாவது டிஎன்ஏவுக்குப் போய் வேலையை முடுக்கும்.

இன்னொரு வேஷம் வெறும் சேதி. இதை 2002இல்தான் கண்டுபிடித்தார்கள், எனக்கு இந்த முழு விஷயத்திலும் மனதுக்கு நெருக்கமானது இதுதான். பிபிஎஸ்-ஆர் என்று ஒரு தடுப்புப் புரதம். நிறமி மரபணுக்களுக்கு முன்னால் டிஎன்ஏவில் குறிப்பிட்ட எழுத்து வரிசை இருக்கிறது: டி-ஜி-டி, நடுவில் பன்னிரண்டு எழுத்து எதுவாகவும் இருக்கலாம், அப்புறம் ஏ-சி-ஏ. அந்த இடத்தில் பிபிஎஸ்-ஆர் போய் உட்கார்ந்துவிட்டால் பாக்டீரியோகுளோரோபில், கரோட்டினாய்டு, எல்எச்-2 மூன்றின் மரபணுக்களும் அடங்கிவிடும். இதை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஆப்-ஏ என்ற இன்னொரு புரதம் இருக்கிறது. காற்றுக் குறைந்த இருட்டில் ஆப்-ஏ போய்த் தடுப்புப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், மரபணுக்கள் விடுபடும், நிறமி வரும். ஆப்-ஏவின் முன்பகுதியில் ஒரு ஃபிளேவின் மூலக்கூறு செருகியிருக்கிறது, பி2 வைட்டமினிலிருந்து வருவது, மஞ்சள் நிறம். அந்த மஞ்சள் நீல ஒளியை விழுங்கும். விழுங்கினதும் ஃபிளேவினைச் சுற்றி இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் இடம் மாறிக்கொள்ளும், அவ்வளவு சின்ன அசைவுதான். அதோடு ஆப்-ஏவின் பிடி தளர்ந்து, தடுப்புப் புரதம் பழையபடி டிஎன்ஏவுக்குப் போய்விடும். மறுபடி இருட்டானால் ஆப்-ஏ தன் பழைய நிலைக்குத் திரும்ப நிமிஷக்கணக்கில் நேரம் எடுக்கும். ஒரு மேகம் வந்து போவதற்கெல்லாம் செல் ஆடிப்போகாமல் இருக்க இந்த மெத்தனம் உதவும் என்பது என் எண்ணம்.

ஏன் நீல ஒளி? இந்த பாக்டீரியாவின் சாப்பாட்டு ஒளி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இருக்கிறது. மேலே பாசிகள் நீலத்தையும் சிவப்பையும் வடிகட்டிக் குடித்துவிட்ட பிறகு கீழே வருவது அந்த அகச்சிவப்புதான். அப்படியானால் நீல ஒளி தன் மேல் விழுகிறது என்றாலே, தலைக்கு மேல் கூரை இல்லை, வெட்டவெளியில் காற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். அந்த நேரத்தில் நிறமி செய்வது ஆபத்து. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காற்று நிறைய இருந்தால் ஆப்-ஏ எப்படியும் தோற்றுவிடும், காற்று அறவே இல்லாவிட்டால் நீல ஒளியின் தடையும் பெரிதாக எடுபடாது. இரண்டுக்கும் நடுவில், காற்று அரைகுறையாக இருக்கும் எல்லைப் பகுதியில்தான் நீல ஒளியின் பேச்சு செல்லும். குளத்தில் அந்த எல்லை பகலுக்கும் இரவுக்கும் இடையே மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கும், அங்கே இருப்பவருக்கு இந்த எச்சரிக்கை தேவை.

எல்லா ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவும் இதே வழியில் போவதில்லை. பயறுவகைச் செடிகளோடு கூட்டு வாழும் ஒரு பிராடிரைசோபியம் பாக்டீரியாவில், தாவரங்களில் ஒளியை உணரும் பைட்டோகுரோமுக்குச் சொந்தக்காரப் புரதம் ஒன்று தொலைசிவப்பு ஒளியைப் பார்த்து நிறமியைத் தொடங்குகிறது, இலை நிழலில் வாழ்பவருக்கு அது பொருந்தும். கடலில் காற்றோடு வாழும் எரித்ரோபாக்டர் போன்றவை பாக்டீரியோகுளோரோபில்லை இருட்டில் செய்து வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் நிறுத்திவிடுகின்றன. பச்சைக் கந்தக பாக்டீரியாக்கள் மங்கலில் வாழ்வதில் எல்லோரையும் தாண்டியவை, கருங்கடலில் 100 மீட்டர் ஆழத்தில்கூட இருக்கின்றன.

உங்கள் ஜன்னல் பாட்டிலின் மேலடுக்குப் பச்சை அநேகமாகப் பாசியும், அதைப் போலவே ஆக்சிஜன் விடும் சயனோபாக்டீரியாவும் கலந்தது. சயனோபாக்டீரியாவில் சில, வெளிச்சத்தின் அளவை மட்டும் இல்லாமல் நிறத்தையும் பார்த்துத் தன் நிறத்தை மாற்றும். கைடுகோவ் என்ற ரஷ்யர் 1902இல் இதை விவரித்தார். ஃபிரெமியெல்லா என்ற இழை வகையைப் பச்சை ஒளியில் வளர்த்தால் செங்கல் நிறமாகும், சிவப்பு ஒளியில் வளர்த்தால் நீலப்பச்சையாகும். பச்சையைப் பிடிக்கச் சிவப்பு நிறமியான பைகோஎரித்ரின், சிவப்பைப் பிடிக்க நீல நிறமியான பைகோசயனின், வருவதற்குத் தக்க வலை. ஆர்சிஏ-இ என்ற ஒரே புரதம் பச்சையா சிவப்பா என்று பார்த்துச் சொல்கிறது, அதன் மரபணு 1996இல் பிடிபட்டது. மழைக்காலத்தில் இங்கே சுவரிலும் பாறையிலும் படியும் கருநீலப் படலத்தைச் சுரண்டி ஒரு முறை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், அந்தக் குடும்பத்து இழைகள் கிடைக்கும்.

சரி, உங்கள் இரண்டு பாட்டிலுக்கு வருவோம். ஜன்னலில் இருந்ததில் இரண்டு காரியம் சேர்ந்து நடந்திருக்கிறது. வெளிச்சம் அதிகம், அதனால் சிவப்பு செல்கள் ஒவ்வொன்றும் நிறமியைக் குறைத்துக்கொண்டன. அதோடு மேலே பாசி கொழுத்து, பகல் முழுக்க ஆக்சிஜனைக் கீழே அனுப்பியிருக்கும், அதனால் சிவப்புக் கூட்டத்துக்கு நிறமி மரபணுக்கள் பாதி நேரம் அடங்கியே கிடந்திருக்கும். மூலையில் பாசிக்கு வெளிச்சம் போதவில்லை, காற்று வரவில்லை, சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாசனை வாயு நிறைய, சிவப்புக்கு ராஜ வாழ்க்கை. எது எவ்வளவு பங்கு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது மொத்த நிறம். செல்கள் அதிகமா, ஒரு செல்லுக்கு நிறமி அதிகமா என்பது வேறு வேறு கேள்வி.

அதைப் பிரித்தறியக் கல்லூரி ஆய்வகமே போதும். சிவப்பு அடுக்கிலிருந்து நீண்ட சொட்டுக்குழாயில் கொஞ்சம் உறிஞ்சி, மண் படியவிட்டு, மேல்தண்ணீரை எடுங்கள். ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 660 நானோமீட்டரில் கலங்கலை அளந்து இரண்டு பாட்டில் மாதிரியையும் ஒரே அளவுக்கு நீர்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு செல்களின் நிறமி அந்த இடத்தில் அதிகம் விழுங்காது, அதனால் அது செல் எண்ணிக்கையைத்தான் காட்டும். பாசியும் பச்சைக் கந்தக பாக்டீரியாவும் கலந்தால் மட்டும் கணக்குக் கெடும், சிவப்பு அடுக்கை விட்டு விலகாதீர்கள். பிறகு 850இல் பாருங்கள், எல்எச்-2 எவ்வளவு என்று தெரியும்.

இன்னொரு பாட்டில் செட் போடுவதாக இருந்தால் விளக்கைப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் இருக்கும் வெள்ளை எல்இடி இதற்கு ஆகாது. அதன் ஒளி 450 நானோமீட்டர் பக்கம் நீலத்தில் உச்சமாக இருக்கும், 800க்கு மேலே கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. கரோட்டினாய்டு வழியாகக் கொஞ்சம் பிழைத்துக்கொள்ளும், ஆனால் நல்ல சாப்பாடு இல்லை. கோழிக்குஞ்சுக்கு வைக்கிற பழைய குண்டு பல்பு, 40 அல்லது 60 வாட், கிடைத்தால் அதுதான் உத்தமம். அகச்சிவப்பும் கொட்டும், சூடும் கொடுக்கும். ரோடோபாக்டருக்கு 30 டிகிரி சுகம், நம் ஊர்க் குளிரில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். சிசிடிவி கேமராவுக்கு விற்கும் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கும் ஆகும், எல்எச்-2இன் இடத்தில் நேராகப் போய் விழும். ஒரே பல்புக்கு முன்னால் இரண்டு பாட்டிலையும் வேறு வேறு தூரத்தில் வைத்துத் தூரத்தை எழுதி வையுங்கள். கிட்டத்துப் பாட்டிலைப் பல்பிலிருந்து ஒரு முழம் தள்ளியே வையுங்கள், இல்லையென்றால் ஒளியால் வந்த வித்தியாசமா சூட்டால் வந்ததா என்று தெரியாமல் போகும்.

நிறமியையே தனியாக எடுத்து அளக்க ஆசைப்பட்டால், அசிட்டோன் ஏழு பங்கு, மெத்தனால் இரண்டு பங்கு கலந்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் படியவைத்த செல்கள் மேல் ஊற்றிக் கலக்கி, மறுபடி சுழற்றி, தெளிந்த சாற்றை 770 நானோமீட்டரில் பாருங்கள். அந்த நேரத்தில் ஆய்வக விளக்கை அணைத்து ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள், குழாயை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். சாற்றில் நிறமியைத் தாங்கின புரதமும் இல்லை, காற்றைத் தடுக்கவும் எதுவும் இல்லை, வெளிச்சத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது நிறம் வெளிறியிருக்கும்.